சொந்த மனை: உத்திரமேரூர் வட்டாரத்தின் ஒரு கரிமூட்டக் குடும்பம்



உத்திரமேரூர் என்றதும் உங்களில் பலருக்குக் குடவோலைதான் நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் பிரதமர் அதைத்தான் எடுத்துச் சொன்னார். ஓலையில் பெயர் எழுதப்பட என்ன தகுதி வேண்டும் என்பதையும் அதே சுவர் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், தன் மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. இவற்றில் இரண்டாவதைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் சொந்த மனை இல்லாத ஒரு குடும்பத்தைப் பற்றி.

இருளர் குடும்பம். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரைச் சொல்லவில்லை. பாட்டியிடம் பிள்ளைகளின் வயதைக் கேட்டேன். "பெரியவன் ஏரிக்கரை மூட்டத்துல பொறந்தான். நடுவுலவ, கெணத்து மேட்டு மூட்டம். கடைசிப் பையன் மழையில மூட்டம் அவிஞ்சிபோன வருசம்" என்றார். ஆண்டு சொல்லத் தெரியாதவர் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் எனக்கு ஒரு முகவரிப் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு இடங்கள். ஒன்றுகூட அவருடையது இல்லை.

மூட்டம் போடுவது எப்படி என்று தெரிந்தால்தான் இந்த வாழ்க்கை விளங்கும். வெட்டிய கட்டைகளை வட்டமாக நெருக்கி அடுக்கி, தழையோ வைக்கோலோ போட்டு மூடி, மேலே ஈரமண் பூச வேண்டும். உச்சியில் தீ வைத்து, அடியில் காற்றுக்குத் துளை விட வேண்டும். விறகு எரியக் கூடாது, வேக வேண்டும். வெள்ளையாக வரும் புகை நீலமாக மாறித் தெளியும்போது துளைகளை அடைக்க வேண்டும். எங்காவது மண் பிளந்து காற்று புகுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சாம்பல். அதனால் இரவும் பகலும் ஆள் வேண்டும். பிளவை அடைக்க மேலே ஏறுபவரின் கால் உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் பாட்டியின் கணவருடைய பாதம் சொல்லும். நாலைந்து டன் விறகு வெந்தால் ஒரு டன் கரி தேறும். சாம்பலாகிப் போன மூட்டத்தின் நட்டம் முதலாளியின் நோட்டில் இவர்கள் பெயரில் ஏறும்.

ஆகவே மூட்டக்காரனுக்குத் தனி ஆள் உதவாது. கணவனும் மனைவியும் ஜோடியாக வேண்டும், மூட்டத்தின் அருகிலேயே குடிசை வேண்டும், விட்டுப் போகாமல் இருக்க முன்பணம் வேண்டும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நம் ஊர்களில் கரி பஸ் ஓடியதைப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். இஸ்திரிப் பெட்டிக்கும், டீக்கடைக்கும், கொல்லுப்பட்டறைக்கும் கரி போயிற்று. இப்போது தந்தூரி அடுப்புக்குப் போகிறது.

பாட்டியின் அப்பா கரிக்காரர் இல்லை. பாம்பு பிடித்துத் தோல் விற்றவர், வயல் எலி பிடித்தவர். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அதில் உரிமம் பெற்றவர் சிலரே. மற்றவர்கள் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் விறகு வெட்டுக்கும் போனார்கள். அந்த 1976ஆம் ஆண்டிலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது என்பதைக் கவனியுங்கள். கடன் செல்லாது, கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது என்கிறது சட்டம். ஒரு சட்டம் வேலையை எடுத்தது. விடுதலை தர வேண்டிய இன்னொரு சட்டம் மூட்டத்துக்கு வந்து சேரவே இல்லை.

செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையை நாம் பஞ்சமி நிலத்துக்காக எடுத்துப் பேசுகிறோம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸையும் ஏழுமலையையும் நாம் மறக்க மாட்டோம். ஆனால் அந்த அறிக்கையில் நிலம் மட்டும் இல்லை. குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையையும் அவர் எழுதினார். நம் தாத்தாக்கள் போராடி அதிலிருந்து ஓரளவு மீண்டார்கள். அதே நிலைமை இருளர் குடிசைக்கு நகர்ந்தபோது நாம் என்ன செய்தோம்? கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: மூட்டத்துக்கு மேஸ்திரியாக நம் தெருக்களிலிருந்தும் ஆள் போயிருக்கிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. என்று இரண்டு பட்டியல் அரசாங்கத்துக்கு வேண்டும். நமக்கு எதற்கு?

2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டம் கோனேரிக்குப்பத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் போயிற்று. அந்தப் படத்தைப் பார்த்து நாம் அழுதோம். மீட்கப்படுபவர்களுக்குக் கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழைப் பற்றி யாரும் பேசவில்லை. பாட்டியின் குடும்பத்துக்கும் பின்னாளில் அது கிடைத்தது. அரசு முத்திரையுடன் அந்த வீட்டுக்கு வந்த முதல் காகிதம் அதுதான். நீங்கள் அடிமையாக இருந்தீர்கள் என்று எழுதிய காகிதம்.

இப்போது பேத்தி பத்தாவது முடித்துவிட்டாள். சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ரத்த உறவில் யாரிடமாவது சான்றிதழ் இருக்கிறதா, பரம்பரையாக எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். பதினோரு மூட்டங்களில் எதை எழுதுவது? உறவுகளை நினைவில் வைத்துக்கொள்ள இருளர்களிடம் ஒரு வழி இருந்தது. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். கன்னியம்மனைக் கும்பிட்டு, பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு திரும்புவார்கள். மூட்டம் வெந்துகொண்டிருக்கும்போது யார் விடுவார்கள்? பாட்டி பல வருடங்கள் கடற்கரைக்குப் போகவில்லை. அண்ணன் செத்த செய்தியே அவருக்குத் தெரியாமல் போயிற்று.

சென்ற மாசி மகத்துக்கு நானும் பேத்தியும் அவரை அழைத்துப்போனோம். மணலில் துணியும் சேலையும் கட்டிய கூடாரங்கள். ஒவ்வொன்றாக நின்று அண்ணன் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லிக் கேட்டார். இரண்டாம் நாள் காலையில் அண்ணன் மகன் கிடைத்தான். திருக்கழுக்குன்றம் பக்கம் இருக்கிறானாம். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் அவனுடைய சான்றிதழ் நகல் மடித்து இருந்தது. அதை இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். முகவரிக் கட்டத்தில் பேத்தி பதினோரு இடங்களையும் எழுதினாள், இடம் போதாமல் தனித்தாள் வைத்தாள்.