இரு விடியல்களின் பயணம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் தென்னிலங்கையின் கொக்கலைக்கும் இடையே கடல்மீது சுமார் 5,600 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்திற்கு ஏழு மணி நேரத் தொலைவு. 1943இல் அதனைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் வரை ஆயிற்று.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அறுந்தது. மாற்றாக குவான்டாஸ் நிறுவனம் காட்டலினா என்னும் நீர்விமானங்களை இந்துமாக்கடலின் குறுக்கே, எங்கும் இறங்காமல், பறக்கவிட்டது. எரிபொருளின் பாரம் போக மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ அஞ்சலுக்குமே இடம். பகைவரின் செவிக்கு அஞ்சி வானொலியில் மௌனம் காத்தனர். விண்மீன்களைக் கொண்டே திசையறிந்தனர். ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே. அவற்றுள் ஸ்பைக்கா நம் சித்திரை, அன்டாரஸ் கேட்டை, அல்டேர் திருவோணம். (பஞ்சாங்கம் பார்த்துப் புறப்பட்டார்களோ என்னவோ!) ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்ட பயணிகளுக்குச் சான்றிதழும் உண்டு.

1945 ஜூலை வரை 271 பயணங்கள். ஓர் உயிரும் போகவில்லை.

விமான வரலாறுகள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. நமக்கோ கொக்கலை வேறொரு வகையிலும் முக்கியமான ஊர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த மண் அது. அக்கிராம வாழ்வை 'அபே கம' என்னும் நூலில் 1940இல் அவர் எழுதினார். விரைவிலேயே போர் வந்தது. விமானத் தளத்திற்காக ஊரார் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. 5,600 கிலோமீட்டரை அளந்தவர்கள், அம்மக்கள் தம் வாசலைவிட்டு எவ்வளவு தூரம் போனார்கள் என்று அளக்கவில்லை. விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் தப்பியது. இன்று அது அருங்காட்சியகம்.