விருப்ப வரிசை வாக்கும் போடிநாயக்கனூரும்: 1986 – 1989

விருப்ப வரிசை வாக்குமுறை தமிழகத்திற்குப் புதியதன்று. சட்ட மேலவையின் பட்டதாரிகள், ஆசிரியர்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள் ஆகியோர்க்குரிய தொகுதிகளில், அரசமைப்புச் சட்டத்தின் 171ஆம் உறுப்பு வகுத்தபடி, ஒற்றை மாற்று வாக்கு முறையே நடைமுறையில் இருந்தது. வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என எண்ணிடுவார். வெற்றிக்குரிய அளவை எவரும் எட்டாதபோது கடைசியில் உள்ளவர் நீக்கப்பட்டு, அவர் பெற்ற வாக்குகள் அடுத்த விருப்பத்திற்கு மாற்றப்படும். போடிநாயக்கனூரின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்கு இவ்வுரிமை இருந்தது. மலைச்சரிவின் ஏலத்தோட்டங்களில் உழைத்த, பட்டம் பெறாத தொழிலாளர்க்கு அது என்றுமே இருந்ததில்லை. இம்முறையின் சிறப்பைப் பேசுவோர் இவ்வேறுபாட்டைக் கடந்துவிடுகின்றனர்.

1986 நவம்பர் 1 அன்று மேலவை ஒழிக்கப்பட்டது. நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவின் மேலவை நியமனம் பற்றிய சர்ச்சையை இதன் உடனடிப் பின்னணியாகச் சுட்டுவது வழக்கம். அவரே 1989 சனவரித் தேர்தலில் போடிநாயக்கனூரில் அ.தி.மு.க. ஜானகி அணியின் வேட்பாளராக ஜெயலலிதாவை எதிர்த்து நின்றார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப்பின் கட்சி பிளவுற்றிருந்த அத்தேர்தலில், ஏறத்தாழ 33 விழுக்காட்டு வாக்குகளுடன் தி.மு.க. 150 இடங்களை வென்றது. ஜெயலலிதா அணி 21, காங்கிரசு 20, ஜானகி அணி 9 விழுக்காட்டளவில் பெற்றன. பிளவே முடிவைத் தீர்மானித்தது என்னும் கருத்து பரவலானது. ஆனால் இரு அணிகளின் வாக்குகளையும் கூட்டினும் தி.மு.க.வின் அளவை எட்டவில்லை. விருப்ப வரிசை முறை இருந்திருப்பின், காங்கிரசு வாக்காளரின் இரண்டாம் விருப்பமே பல தொகுதிகளில் முடிவைத் தீர்மானித்திருக்கும். ஒற்றைக் குறியிட்ட வாக்குச்சீட்டுகளில் அவ்விருப்பம் பதிவாகவில்லை. ஆதலின் மாநில அளவிலான ஊகங்களைவிடத் தொகுதிவாரி ஒப்பீடே பயன் தரும்.

போடிநாயக்கனூரில் ஜெயலலிதா பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். அங்கு இரண்டாம் விருப்பத்தை எண்ணவே தேவை எழுந்திராது. அருகிலுள்ள ஆண்டிப்பட்டியின் நிலை வேறு. இரு அணியினரும் மோதிய அத்தொகுதியில் ஜானகியே தோற்றார்; தி.மு.க. வென்றது.

தேர்தல் தள்ளிவைக்கப்பட்ட மருங்காபுரி, மதுரை கிழக்கு ஆகிய தொகுதிகளில் 1989 மார்ச்சில் வாக்குப்பதிவு நடந்தது. அதற்குள் அணிகள் இணைந்து இரட்டை இலைச் சின்னமும் மீண்டிருந்தது. இரண்டிலும் அ.தி.மு.க. வென்றது.