பி.எல்.சி. நிரலாக்கம்: இடைநிலைப் பயிற்சி

தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கி நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கணினியே பி.எல்.சி. அதற்கு நிரல் எழுதக் கற்பதில், அடிப்படைப் பாடத்துக்கும் தனியாக ஓர் ஆலையின் பொறுப்பை ஏற்பதற்கும் இடைப்பட்ட கட்டத்தை இடைநிலைப் பயிற்சி என்பர். ஸ்டார்ட்–ஸ்டாப் லாஜிக், டைமர், கவுண்டர் ஆகியவற்றை லேடர் என்ற நிரல்மொழியில் போடத் தெரிந்தவருக்கு உரியது இது. அனலாக் அளவுகள், படிவரிசை இயக்கம், தொடு திரை, கருவிகளுக்கு இடையிலான தகவல் தொடர்பு, பழுது கண்டறிதல் ஆகியவை இதன் பாடங்கள்.

இப்பயிற்சி எங்கே பயன்படும் என்பதற்கு ஒரு மலைப்பகுதியைப் பார்ப்போம். ஜவ்வாது மலையில் திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே படித்து முடிக்கும் மலையாளிப் பழங்குடி இளைஞருக்கு இக்கல்வி பயன்படும் இடங்கள் பெரும்பாலும் மலையடிவாரத்தில்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் வட்டாரம் அருகில் உள்ளது. தொழிற்பகுதிகளான ஓசூரும் ஒரகடமும் சற்றுத் தொலைவு. மலையிலேயே தானியங்கி இயக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு: காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி. ஆயினும் விண்மீனை விடாமல் பின்தொடரும் அந்தத் துல்லிய இயக்கம் வேறொரு துறை. இடைநிலைப் பாடத்தில் அது வராது.

பி.எல்.சி.யின் வரலாறு கார் தொழிலில் தொடங்குகிறது. மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிரித்து மீண்டும் வயரிங் செய்யும் செலவு தாங்காமல், 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் மாற்று வழி கேட்டது. டிக் மார்லியின் குழு உருவாக்கிய மோடிகான் 084 அடுத்த ஆண்டு வந்தது. எலக்ட்ரீஷியன்கள் மிரளக்கூடாது என்பதற்காகவே ரிலே வரைபடத்தை ஒத்த லேடர் மொழி நிலைபெற்றது. 1993இல் வெளியான ஐ.இ.சி. 61131-3 தரநிலை, லேடர் உள்ளிட்ட ஐந்து மொழிகளை வரையறுத்தது.

இடைநிலை மாணவர் முதலில் விட வேண்டியது, லேடரை மின்சுற்றாகவே பார்க்கும் பழக்கம். பி.எல்.சி. உள்ளீடுகளைப் படிக்கிறது, நிரலை மேலிருந்து கீழாக ஓட்டுகிறது, பிறகு வெளியீடுகளை எழுதுகிறது. இந்தச் சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். ஒரே மோட்டாரின் காயிலை (வெளியீட்டை) லேடரின் இரண்டு ரங்குகளில் (வரிகளில்) எழுதினால் பின்னால் வருவதே செல்லும். பின்னதன் நிபந்தனை நிறைவேறாவிட்டால், முதல் ரங் பச்சையாக ஒளிரும், மோட்டார் ஓடாது. வயரிங்கில் இப்படி ஒரு விந்தை நடக்காது என்பதால், நல்ல எலக்ட்ரீஷியன்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது அனலாக், அதாவது மட்டம், அழுத்தம்போல் தொடர்ந்து மாறும் அளவுகள். இந்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் 5 மீட்டர் உயரத் தொட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் மட்ட அளவி, தொட்டி காலியானால் 4 மில்லியாம்பியரும் நிறைந்தால் 20 மில்லியாம்பியரும் தரும். பூஜ்யத்திலிருந்து தொடங்காததற்குக் காரணம் உண்டு: கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகும், காலித் தொட்டியையும் அறுந்த கம்பியையும் பிரித்தறியலாம். சீமென்ஸ் எஸ்7-1200இன் பல சி.பி.யு.க்களில் உடன் வரும் அனலாக் உள்ளீடு 0–10 வோல்ட் மட்டுமே ஏற்கும். எனவே 500 ஓம் மின்தடை போட்டு 2–10 வோல்ட்டாக மாற்றுவது களத்தில் பழகிய வழி. 10 வோல்ட்டுக்கு பி.எல்.சி. காட்டும் எண் 27648. 2 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 5530. இதை மறந்து 0–27648 என்பதையே 0–5 மீட்டராகக் கணக்கிட்டால், காலித் தொட்டி திரையில் 1 மீட்டர் தண்ணீர் காட்டும். மட்டம் அரை மீட்டருக்குக் கீழே போனால் பம்ப்பை நிறுத்து என்ற இன்டர்லாக் ஒருநாளும் வேலை செய்யாது, பம்ப் தண்ணீரின்றி ஓடும். நிரலில் எழுத்துப்பிழைகூட இருக்காது!

படிவரிசை இயக்கத்துக்கு அதே நிலையத்தின் ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்) பகுதி நல்ல பாடம். ஊட்டு பம்ப் ஓடி அழுத்தம் வந்த பிறகே உயர் அழுத்த பம்ப் ஓட வேண்டும். நிறுத்தும்போது சவ்வுகளை அலச வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எண் கொடுத்து, எந்த நிபந்தனையில் அடுத்த படிக்குப் போவது என்று முதலில் தாளில் வரையச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் மாணவர் பாக்கியசாலி. பல வகுப்புகளில் மென்பொருளின் மெனுக்களைக் காட்டியே நேரம் கழிகிறது. கருவிகளுக்கு இடையிலான தகவல் தொடர்புக்கான மோட்பஸ், புரோஃபிநெட் பாடங்களில் முகவரியும் கேபிளும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பழுது கண்டறிதலை ஆன்லைனில் நிரலைப் பார்த்தபடியே, கையில் மல்டிமீட்டருடன் கற்க வேண்டும். உள்ளீட்டை ஃபோர்ஸ் செய்து (மென்பொருளில் கட்டாய மதிப்பு கொடுத்து) ஓட்டிவிட்டு, அதை நீக்காமல் வீட்டுக்குப் போவது இத்தொழிலின் பெரும் குற்றங்களில் ஒன்று. அவசர நிறுத்தப் பொத்தானைச் சாதாரண பி.எல்.சி. நிரலை மட்டும் நம்பி விடக்கூடாது. பாதுகாப்பு ரிலே வழியாக நேரடி வயரிங் வேண்டும்.

தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ.2,877 கோடியில் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்த, 2022இல் டாடா டெக்னாலஜிஸுடன் ஒப்பந்தமானது. அதில் உற்பத்திச் செயல்முறைக் கட்டுப்பாடும் தானியக்கமும் ஒரு பிரிவு. சென்னை டைடல் பார்க்கில் சீமென்ஸ் பங்களிப்புடன் இயங்கும் டான்சாம் மையம் மேல்நிலைப் பயிற்சிக்கு ஏற்றது.

மலையிலிருந்து தினமும் இறங்கி வர முடியாதவர்கள் ஒரு மடிக்கணினியை வைத்தே பாதி தூரம் வரலாம். கோடெசிஸ் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்; அதன் உருவகிப்பில் நிரலை ஓட்டிப் பார்க்கலாம். ஓபன்பி.எல்.சி. திறமூல மென்பொருள், ராஸ்பெர்ரி பையில்கூட ஓடும். ஸ்கேன், டைமர், படிவரிசை, அனலாக் கணக்கு அனைத்தையும் இவற்றில் பழகலாம். ஆனால் தளர்ந்த டெர்மினல் திருகையும், மாற்றிக் கொடுத்த 24 வோல்ட் இணைப்பையும் பேனல் முன்னால் நின்றுதான் கற்க முடியும்.