தங்க வயலில் ஒரு தேற்றாங்கொட்டை

கோலார் தங்க வயல் என்றவுடன் நம் சங்க அன்பர்களுக்குத் தங்கக் கட்டிகளும், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கமும், மலை மலையாகக் குவிந்து கிடக்கும் சயனைட் மண்ணும் நினைவுக்கு வரும். பதினெட்டு வயது வரை அந்த ஊரில் வளர்ந்த எனக்கோ, முதலில் நினைவுக்கு வருவது ஒரு காட்டுக் கொட்டை. எனக்கு இப்போது 76 வயதாகிறது. அந்தக் கொட்டையைப் பற்றி எழுதி வைக்க இனியும் தாமதிக்கக் கூடாது என்று தோன்றியது.

முதலில் ஊரைப் பற்றிச் சுருக்கமாக. 1880களில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் நிர்வாகத்தில் தங்க வயல் வளரத் தொடங்கியது. பாறையை உடைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஏழை விவசாயக் கூலிகள். அவர்களுடைய தமிழே ஊரின் மொழியாயிற்று. கணக்கு எழுதவும், தந்தி அடிக்கவும், பள்ளியில் பாடம் சொல்லவும் நம்மவர்களும் வந்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆசியாவிலேயே அது அந்நாளில் பெரிய சாதனை. குடிநீர், பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியே வந்தது.

மின்சாரம் பெங்களூருக்கு முன்பே வந்துவிட்ட ஊரில், தண்ணீர் மட்டும் எப்போதும் கவலைதான். கோலார் வறண்ட ஜில்லா. கோடையில் குழாய் நின்றுவிடும் நாட்களில் கிணற்றையும் குட்டையையும் நாட வேண்டும். முதல் மழை பெய்தவுடன் அந்தத் தண்ணீர் செம்மண் கரைத்த காவி நிறத்தில் இருக்கும்.

என் தகப்பனார் சுரங்கக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி. குடியாத்தம் பக்கம் பிறந்தவர். கணவர் சுரங்கத்துக்குள் பாறை துளைக்கும் வேலை பார்த்து, தூசியால் நெஞ்சு கெட்டுக் காலமாகிவிட்டார். மகனும் சுரங்கத் தொழிலாளி. நாங்கள் அவரை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம்.

ஆயாவின் உறவினர் பிசாநத்தத்தில் இருந்தார்கள். அங்கே போய்த் திரும்பும்போதெல்லாம் காமசமுத்திரம் பக்கத்துக் காட்டு மேடுகளில் இறங்கி, முந்தானையில் எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவார். புளியங்கொட்டை, பூந்திக்கொட்டை, சில சமயம் கறுத்து உதிர்ந்த தேற்றாம்பழம். பழத்தை மண்ணில் தேய்த்துச் சதையைப் போக்கி, கொட்டையைக் கழுவி, முறத்தில் காய வைப்பார். சட்டைப் பொத்தான் அளவில், வட்டமாக, இரு பக்கமும் லேசாகப் புடைத்து, வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் அதைச் 'சில்ல கிஞ்சலு' என்பார்கள்.

1959 என்று நினைவு, எனக்குப் பத்து வயது. மழைக்குப் பின் கிணற்றுத் தண்ணீர் தெளியாமல் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஆயா வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பிடி கொட்டையை நீட்டினார்.

"அய்யரம்மா, இத வாங்கிக்குங்க. பானை உள்பக்கம் ஒரு கொட்டைய நாலு சுத்து தேச்சுட்டு, தண்ணிய ஊத்தி மூடி வைங்க. காலையில பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கும். ரொம்பத் தேச்சிராதீங்க, மறுபடியும் கலங்கிப் போவும்."

மறுநாள் காலை பானையின் அடியில் விரல்கடை உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது. மேலே இருந்த தண்ணீரில் பானையின் அடி தெரிந்தது. எங்கள் பாட்டி அதை ஒரு செம்பில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கதகம்னு சாஸ்திரத்துல வர்றதே, அது இதுதான்டா" என்றாள். அன்று முதல் ஒரு டப்பா நிறையத் தேற்றாங்கொட்டை எங்கள் சமையலறை மாடத்தில் இருந்தது. தீர்ந்துபோனால் ஆயா நிரப்புவார். காசு வாங்கமாட்டார்.

பாட்டி சொன்னது சரி. சமஸ்கிருதத்தில் 'கதகம்' என்பது தேற்றாமரமே. தண்ணீர்க் கலங்கலைத் தெளிய வைக்க ஏழு பொருள்களைச் சுச்ருத ஸம்ஹிதை சொல்கிறது. கோமேதகம், தாமரைக்கிழங்கு, பாசிவேர், துணி, முத்து, மணி ஆகியவற்றோடு கதகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் தமிழிலும் இது பழைய செய்திதான். கலித்தொகையின் நெய்தற் பகுதியில், பிரிவால் கலங்கிய தலைவி கணவன் வந்ததும் தெளிந்ததற்கு, இந்த விதையால் தெளிந்த நீரே உவமை. தேற்றுதல் என்றால் தெளிவித்தல். துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுவதும் அதே சொல்தான். திருவாரூர் அருகே திருக்குவளை சிவன் கோயிலின் தலமரமும் தேற்றாமரமே.

ஆதிசங்கரரின் பெயரில் வழங்கும் ஆத்ம போதத்தில் வரும் உவமை அன்பர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கதகப் பொடி தண்ணீரின் அழுக்கை நீக்கிவிட்டுத் தானும் அடியில் படிந்து மறைவது போல, ஞானம் அஞ்ஞானத்தை நீக்கிவிட்டுத் தானும் அடங்கிவிடும் என்பது அதன் கருத்து. பானையின் அடியில் பார்த்த சேறு எனக்கு அந்த உவமையைப் பின்னாளில் ஒரே நொடியில் விளங்க வைத்தது.

மேல்நாட்டாரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். மரத்தின் அறிவியல் பெயர் ஸ்ட்ரிக்னாஸ் பொடேடோரம். இரண்டாம் சொல்லுக்கு லத்தீனில் 'குடிப்பவர்களுடைய' என்று பொருள். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி 1795 முதல் வெளிவந்த பெரிய நூலின் ஆசிரியரான வில்லியம் ராக்ஸ்பர்க், மண்பாத்திரத்தின் உட்புறத்தில் கொட்டையைத் தேய்க்கும் முறையை ஆயா சொன்னபடியே எழுதியிருக்கிறார்.

நான் பெங்களூரில் இரசாயனம் படித்தபோது காரணம் புரிந்தது. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. எல்லாமே எதிர்மின்னேற்றம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அதனால்தான் நாள் கணக்கில் வைத்தாலும் படிவதில்லை. கொட்டையிலிருந்து கரையும் நீண்ட சங்கிலி போன்ற மாவுப்பொருள் மூலக்கூறுகள் பல துகள்களைப் பிடித்துப் பாலம்போல் இணைக்கின்றன. துகள்கள் திரண்டு, கனத்து, அடியில் இறங்குகின்றன. அளவு மிஞ்சினால் ஒவ்வொரு துகளையும் அந்த மூலக்கூறுகளே முழுதாகப் போர்த்திவிடும், பாலம் அமையாது, கலங்கல் அப்படியே நிற்கும். "ரொம்பத் தேச்சிராதீங்க" என்று ஆயா சொன்னதன் உட்பொருள் இதுவே. குடிநீர் நிலையங்களில் படிகாரம் செய்வதும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான், வேறு வழியில்.

ஓய்வு பெற்றபின் நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் கொட்டை வாங்கி, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் செம்மண் கரைத்துச் சோதித்தேன். கல்லில் இழைத்துச் சேர்த்த டம்ளர் மாலைக்குள் தெளிந்தது. சேர்க்காதது மறுநாளும் கலங்கியே இருந்தது.

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல. கிருமிகள் குறையலாமே தவிர முழுதும் போகா. கரைந்திருக்கும் உப்பும் நஞ்சும் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் தெளிந்த நீரைக் காய்ச்சித்தான் குடித்தோம். சயனைட் மேட்டுப் பக்கத்து நீரை ஆயா எந்தக் கொட்டையை நம்பியும் தொடமாட்டார். அடுத்தது, எட்டி இதே குடும்பத்து மரம். ஆரஞ்சு நிறத்தில் சாத்துக்குடி போன்ற பழமும், பல தட்டையான விதைகளும் கொண்டது எட்டி; கொடிய விஷம். தேற்றாம்பழம் சிறியது, பழுத்தால் கறுப்பு, உள்ளே ஒரே விதை. மரத்தை அறிந்தவர் கையால் வந்த கொட்டையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இனி எழுதப்போவதை எழுதச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் விட்டுவிட்டால் இது முழுமையான வரலாறு ஆகாது. ஆயா எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவர் வீட்டுத் தண்ணீரை நாங்கள் குடித்ததில்லை. அவருக்கு மோர் கொடுக்கும் டம்ளர் திண்ணை ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒருநாள் நான் பாட்டியிடம் கேட்டேன்: "அவா தண்ணி வேண்டாம், அவா கொடுத்த கொட்டை மட்டும் நம்ம பானைக்குள்ள போகலாமா?"

"உலர்ந்த பண்டத்துக்குத் தோஷமில்லடா" என்றாள் பாட்டி. சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அந்த மௌனம்தான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மறுநாள் திண்ணையில் ஆயாவுக்கு மோர் கொண்டுபோனது பாட்டிதான். அதற்கு முன் அந்த வேலை என்னுடையது. டம்ளர் என்னவோ அதே டம்ளர்.

பல ஆண்டுகள் கழித்து மனுஸ்மிருதியில் சன்னியாச தர்மம் சொல்லும் பகுதியில் ஒரு சுலோகத்தைப் படித்தேன். கதக மரத்தின் பழம் நீரைத் தெளிவிக்கும் என்றாலும், அதன் பெயரைச் சொல்வதனால் மட்டும் நீர் தெளிந்துவிடாது என்பது அதன் பொருள். வெளிச்சின்னங்கள் தர்மம் ஆகா என்பதற்கு அங்கே இது உவமை. படித்தவுடன் புத்தகத்தை மூடி வைத்தேன். எங்கள் வீட்டுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. மரம் எந்த மேட்டில் நிற்கிறது, பழம் எப்போது உதிரும், கொட்டையை எத்தனை சுற்றுத் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் ஆயாவுக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாத அவர் அதைத் தயங்காமல் எங்களுக்குக் கொடுத்தார்.

1967இல் படிப்புக்காக நான் தங்க வயலை விட்டேன். ஆயா எப்போது காலமானார் என்பதுகூட எனக்குக் கடிதத்தில்தான் தெரிந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. எங்கள் மாடத்து டப்பாவை ஆயா எத்தனை முறை நிரப்பினார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

பல ஊர்களில் வாழும் நம் அன்பர்களின் குடும்பங்களிலும், இப்படி அண்டை வீட்டாரிடமிருந்து வந்து நம் சமையலறையில் தங்கிவிட்ட பொருளோ பழக்கமோ நிச்சயம் இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வையுங்கள்.