எடைத் தராசில் தொங்கிய மகன்

என் பேத்திக்கு இரண்டு வயது. செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள். போன வாரம் அந்த ரகளையைப் பார்த்தபோது டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ஓர் அட்டை நினைவுக்கு வந்தது. அவள் அப்பாவின் எடை அட்டை. வருஷம் 1986.

அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்கு ஷிப்ட் வேலை, பக்கத்துக் கிராமத்தில் வாடகை வீடு. திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல்தான். அன்று நாங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள்.

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நம் மாநிலத்துக்குப் பழைய பெயர் உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது, 1956இல் காமராஜரிடம் வளர்ந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதை இரண்டு வயதுப் பிள்ளை வரை இறக்கினார். ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே? பிள்ளை இளைக்கத் தொடங்குவதே தாய்ப்பாலோடு வேறு ஆகாரம் சேர வேண்டிய ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான். 1970களின் தொடக்கத்தில் இங்கே நடந்த ஒரு பெரிய ஆய்வும் அதைத்தான் சொன்னது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உணவு போய்ச் சேரவில்லை, வெளியே கொடுத்தால் வீட்டில் குறைந்துவிடுகிறது.

அதற்காக 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு வந்ததுதான் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரம், பிறகு எங்கள் மாவட்டம் உட்பட வேறு சில மாவட்டங்கள். ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் மாதம் தவறாமல் நிறுத்துப் பார்ப்பார்கள். ஆனால் சத்துருண்டை எல்லோருக்கும் கிடையாது. எடை சரியாக ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள், தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். மையத்திலேயே தின்ன வேண்டும், வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு கறாரான சத்துணவுத் திட்டம் வேறு வந்ததில்லை. எங்கள் ஊரில் அதையும் 'பால்வாடி' என்றேதான் சொன்னோம்.

என் மகனுக்கு அப்போது 14 மாதம். மூன்று மாதமாக எட்டு கிலோவிலேயே நின்றான். அட்டையில் கோடு படுத்துவிட்டது. அந்தப் பணியாளர் பெண் வீட்டுக்கே வந்து என் மனைவியிடம், "அக்கா, நாளையிலிருந்து பையனை உருண்டைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மாதச் சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்க உருண்டையா? "எங்க வீட்ல சோத்துக்குப் பஞ்சமில்லம்மா" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

அவள் கோபப்படவில்லை. "பஞ்சமில்ல சார். நேத்து முழுக்கப் பையன் என்ன சாப்பிட்டான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மனைவிதான் சொன்னாள்: காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட், மத்தியானம் ரசம் சாதம் நாலு வாய், சாயந்தரம் மறுபடியும் டீ. அந்த பிஸ்கட்டை ஷிப்ட் முடிந்து பெருமையாக வாங்கி வருபவன் நான்.

மறுநாள் மனைவி அழைத்துப் போனாள். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்த உருண்டை. முதல் வாரம் துப்பினான். வீட்டிலும் டீயை நிறுத்தினோம். பருப்புச் சாதத்தில் சொட்டு எண்ணெய், முருங்கைக்கீரை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் அந்தப் பெண் சொன்னதுதான். பசி வந்ததோ என்னவோ, நடை பழகியவன் தெருக்கோழியைத் துரத்த ஆரம்பித்தான். துரத்தினால் மறுபடி பசி. 90 நாள் கழித்து அட்டையில் கோடு மேலே போயிருந்தது.

அந்த அட்டையைத்தான் எடுத்து மகனிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு செல்போனை அணைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். சாப்பாட்டுக் கிண்ணத்தோடு மருமகளும் பின்னால் போனாள். கோழி இல்லை, புறாக்கள் இருந்தன.