கணினி எதிராளியுடன் பயிற்சி: சண்டை விளையாட்டுகளின் வரலாற்றில் ஒரு கேள்வி

வீடியோ கேம் என்று பேச்சில் வழங்கும் நிகழ்பட ஆட்டங்களில், இருவர் நேருக்கு நேர் நின்று மோதும் வகை சண்டை விளையாட்டு எனப்படுகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன், மோர்ட்டல் காம்பாட் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. எதிரே ஆளில்லாதபோது எதிர்ப்பக்கத்துப் பாத்திரத்தைக் கணினியே இயக்கும். அப்படிக் கணினியுடன் ஆடிப் பழகியவருக்கு மனிதருடன் ஆடும் திறன் வளருமா என்ற கேள்வி இந்த விளையாட்டுகளின் வயதை ஒத்தது. பெருநகரத்துப் பிள்ளைகளுக்கு இது பொழுதுபோக்கு வாதமாக இருக்கலாம். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, கொடைக்கானல் செல்வோர் ரயிலிலிருந்து இறங்கும் கொடைரோடு போன்ற சிற்றூரில் வளரும் பிள்ளையின் நிலை வேறு. அதே விளையாட்டில் சமமான திறனுள்ள இன்னொருவர் பக்கத்துத் தெருவில் கிடைப்பது அரிது. அவருக்குக் கணினிதான் வாய்த்த எதிராளி.

காசுக்காக எழுதப்பட்ட எதிராளி

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்காக உருவானது. அதிலிருந்த கணினி எதிராளி யாருக்கும் கற்பிப்பதற்காக எழுதப்பட்டதன்று. காசு போட்டவர் சில நிமிடங்களில் தோற்க வேண்டும், தோற்றவருக்கு இன்னொரு காசு போடும் ஆசையும் வர வேண்டும். கடைக்காரரின் வருமானம் அதில் இருந்தது.

அதனால் கணினிக்குச் சில சலுகைகள் தரப்பட்டன. கைல் என்னும் பாத்திரத்தின் 'சோனிக் பூம்' வீச்சு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மனிதர் அதை வீச வேண்டுமானால் கைப்பிடியைச் சிறிது நேரம் பின்பக்கம் இழுத்து வைத்திருந்து, பிறகு முன்னே தள்ளிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆகவே முன்னோக்கி நடந்து வரும் கைலால் உடனே அதை வீச முடியாது. கணினி இயக்கும் கைலுக்கோ இந்தக் கட்டுப்பாடு இல்லை, நடந்துகொண்டே வீசுவான். கணினியிடம் பழகியவர், கைல் முன்னே வரும்போது அஞ்சிப் பின்வாங்கக் கற்கிறார். மனிதரோடு ஆடும்போது தாக்குவதற்கு ஏற்ற தருணம் அதுதான். பாடமே தலைகீழாகிவிடுகிறது.

மறுபுறம், கணினிக்கு ஓட்டைகளும் உண்டு. ஒரே வகை உதையை ஒரே தூரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்ளும். அப்படி வென்றவர் தம்மைத் தேர்ந்தவர் என்று எண்ணிக்கொள்வார்; மனிதர் மூன்றாம் முறையே தடுத்துவிடுவார்.

தமிழ்நாட்டில் ஆர்கேட் பண்பாடு ஜப்பானைப் போலவோ கொரியாவைப் போலவோ வேரூன்றவில்லை. இயந்திரம் இருந்த கடைகளில் பெயர் பெற்றது, 1993-இல் கேப்காம் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். அந்தப் பெயரில் கேட்டால் பலருக்குத் தெரியாது. 'முஸ்தபா' என்றால் தெரியும். ஆனால் அது ஆடுபவர்கள் ஒன்றுசேர்ந்து கணினியின் ஆட்களை அடித்து முன்னேறும் ஆட்டம்; ஒருவரையொருவர் சோதிக்கும் சண்டை விளையாட்டு அன்று. பிளேஸ்டேஷனில் 1998-இல் வந்த டெக்கன் 3-தான், மணிக்கணக்கில் வாடகை வாங்கிய கடைகளில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையே எதிராளியாக்கியது.

ஒற்றையா இரட்டையா

சண்டை விளையாட்டின் உள்ளியக்கத்தைச் சற்றுப் பார்த்தால் சிக்கல் விளங்கும். பெரும்பாலான இவ்வகை ஆட்டங்கள் நொடிக்கு 60 சட்டங்கள் வீதம் ஓடுகின்றன. ஒரு சட்டம் என்பது ஏறத்தாழ 17 மில்லி நொடி. திரையில் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு 200 முதல் 250 மில்லி நொடி, அதாவது 12 முதல் 15 சட்டங்கள் தேவைப்படும். பல தாக்குதல்கள் அதைவிட வேகமானவை. பார்த்துத் தடுக்க நேரமில்லாததால், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டி ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கைக்குள் புளியங்கொட்டைகளை மூடிக்கொண்டு 'ஒற்றையா இரட்டையா' என்று கேட்கும் விளையாட்டோடு இதை ஒப்பிடலாம். இரண்டு முறை ஒற்றை வைத்தவர் மூன்றாம் முறை என்ன வைப்பார், அவர் பதற்றக்காரரா, நம்மை ஏய்க்கப் பார்க்கிறாரா என்ற கணிப்பில்தான் ஆட்டம் இருக்கிறது. கணினி எதிராளியோ நம் பொத்தான் அழுத்தத்தை அது நிகழும் கணத்திலேயே அறிய வல்லது. மூடிய கைக்குள் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவரிடம் ஊகிக்கப் பழக முடியாது. வேண்டுமென்றே தவறாகச் சொல்லும்படி எழுதப்பட்ட எளிய கணினியிடமும் முடியாது. அதன் தவறுகள் எண்ணிக்கைப்படி வருபவை, மனப்போக்கால் வருபவை அல்ல.

ஆனாலும் கணினியால் கிட்டும் பயன் ஒன்று உண்டு. வீட்டுக் கருவிகளுக்கான பதிப்புகளில் நாளடைவில் 'பயிற்சி முறை' சேர்க்கப்பட்டது. நகராமல் நிற்கும் பாவையின் மீது ஒரு தொடர் தாக்குதலை நூறு முறை செய்து பார்க்கலாம். எதிராளியின் ஓர் அசைவைப் பதிவுசெய்து, பாவையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, அதற்கான விடையைத் தேடலாம். சிலம்பத்தில் தனியாக வீடு கட்டிப் பழகுவதற்கு ஒப்பானது இது. கால் தடுமாறாமல் இருக்க அது வேண்டும். எதிரே கம்போடு ஆள் நிற்கும்போது வேண்டியது வேறு.

சதுரங்கத்தில் நடந்தது

கணினியுடன் பழகுவது பற்றித் தமிழ்நாட்டுக்கு நெருங்கிய அனுபவம் சதுரங்கத்தில்தான் இருக்கிறது. விசுவநாதன் ஆனந்த் 1980-களில் சென்னையில் வளர்ந்தபோது கைக்கெட்டும் வலிய கணினி எதிராளி கிடையாது. சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய டால் சதுரங்கக் கழகத்தில், வென்றவர் பலகையில் தொடர, தோற்றவர் எழுந்து இடம் விடும் மின்னல் ஆட்டங்களில் அவர் வேகம் கூர்மையடைந்தது. ஆர்கேட் கடைகளின் வழக்கமும் இதுவே என்பது கவனிக்கத்தக்கது. 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பத்தாண்டு கழித்து, 1998-இல் இத்தாலியின் இஸ்கியா தீவில் ரெபெல் 10 என்னும் நிரலுடன் மோதி 3–5 என்ற கணக்கில் தோற்றார். விரைவாக ஆட வேண்டிய ஆட்டங்களில் நிரல் முந்தியது. நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டில் ஆனந்த் 1½–½ என்று வென்றார். நேரம் குறையக் குறைய இயந்திரத்தின் கை ஓங்குகிறது. நொடியின் சிறு கூறுகளில் நடக்கும் சண்டை விளையாட்டுக்கு இது இன்னும் பொருந்தும்.

தொம்மராஜு குகேஷின் காலத்தில் எந்த மனிதரையும் வெல்லும் எஞ்சின் கைப்பேசியிலேயே இருந்தது. அப்படியிருந்தும் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் 2019 சனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சினைத் தள்ளியே வைத்தார். விடையை இயந்திரம் சொல்லிவிட்டால் கணக்கிடும் பழக்கம் வளராது என்பது அதன் அடிப்படை. பின்னர் உயர்நிலை ஆயத்தத்துக்கு எஞ்சின் வந்து சேர்ந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை 7½–6½ என்று வென்று 18 வயதில் உலக வாகையரானார்.

சதுரங்கத்தில் காய்கள் எல்லாம் கண்முன் உள்ளன. எஞ்சின் காட்டும் நகர்வு பெரும்பாலும் சிறந்த நகர்வே. சண்டை விளையாட்டில் இருவரும் ஒரே கணத்தில் முடிவெடுப்பதால், எதிராளி யார் என்பதைப் பொறுத்து விடை மாறும். சதுரங்கத்திலேயே இயந்திரம் பிந்தி வந்தால் நல்லது என்று கருதப்பட்டிருக்கும்போது, சண்டை விளையாட்டில் அதையே முதல் ஆசானாகக் கொள்வது இன்னும் பலவீனமான வழி என்பது இக்கட்டுரையின் கருத்து.

லாகூரும் அதன் பின்னும்

2019-இல் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ், டெக்கன் 7-க்கான எவோ ஜப்பான் போட்டியையும், அதே ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த எவோ போட்டியையும் வென்றார். கொரிய, ஜப்பானிய ஆட்டக்காரர்கள் கோலோச்சிய களத்தில் இது எதிர்பாராதது. தம் ஊரில் தமக்கு இணையான பலர் இருப்பதாக அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. கொரியாவின் 'நீ' என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் நேரில் பாகிஸ்தான் சென்று ஆடிப் பார்த்து, அங்கே பலரிடம் தோற்றார். வெளியுலகத் தொடர்பு குறைவாக இருந்த லாகூரில், கடைகளில் அருகருகே அமர்ந்து ஆடிய ஒரு கூட்டம் இருந்தது. வசதிக்குறைவை ஈடுசெய்தது அந்தக் கூட்டமே, இயந்திரம் அன்று.

கூட்டம் இல்லாத ஊருக்கு இணையவழி ஆட்டம் ஒரு வழி. தொலைவால் வரும் தாமதம் இதற்கு நெடுநாள் தடையாக இருந்தது. எதிராளியின் அழுத்தத்தை ஊகித்துக் காட்டி, தவறானால் பின்னோக்கிச் சென்று திருத்தும் 'ரோல்பேக்' முறை பரவிய பின் நிலைமை மேம்பட்டது.

இன்னொரு வழியாகக் கணினி எதிராளியே மாறி வருகிறது. கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் பிளேட் அண்ட் சோல் ஆட்டத்துக்காகத் தானே ஆடிக் கற்கும் செயற்கை நுண்ணறிவை உருவாக்கி, 2018-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் மோதவிட்டது. மனிதக் கண்ணுக்கும் கைக்கும் இடையிலான தாமதம் அதற்கும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது; மூடிய கைக்குள் பார்க்கும் சலுகை அதற்குத் தரப்படவில்லை. 2024 சனவரியில் வெளியான டெக்கன் 8-இல், ஒருவர் ஆடும் விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் 'கோஸ்ட்' என்னும் நிழல் எதிராளி இடம்பெற்றது. பிறருடைய நிழலைப் பதிவிறக்கி அதனுடன் ஆடலாம். தம்முடைய நிழலுடனும் ஆடலாம். இரண்டாவதே அதிகப் பயனுடையது எனலாம். விழுந்து எழும்போதெல்லாம் ஒரே உதையை விடும் பழக்கம் ஒருவருக்கு இருந்தால், அவருடைய நிழலும் விழுந்து எழும்போதெல்லாம் அதே உதையை விடும். அதை வாங்கிக்கொள்பவர் இம்முறை அவராகவே இருப்பார்.