மெரினாக் கடற்கரை: பொழுதுபோக்கு வெளியின் உருவாக்கமும் நெய்தல் நில மக்களும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக்கு வருவோர் தவறாது காணச் செல்லும் இடங்களுள் மெரினாக் கடற்கரை ஒன்று. உலாவுதல், காற்று வாங்குதல், அலையில் கால் நனைத்தல் ஆகியன அங்கு என்றும் நிகழ்ந்துவந்த செயல்கள்போல் தோன்றுகின்றன. ஆயினும் இன்று காணப்படும் மெரினா, துறைமுகக் கட்டுமானத்தின் விளைவாலும் காலனிய அரசின் திட்டத்தாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான வெளியாகும். அவ்வுருவாக்கத்தையும், அக்கரையில் நெடுங்காலமாக வாழும் மீனவர்களின் உரிமையில் அதனால் எழுந்த சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெரினா, கிராண்ட் டஃப், சென்னைத் துறைமுகம், நெய்தல், மீனவர் குப்பங்கள்.

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் கடற்கரை தொழிற்களமாகவும் ஆடுகளமாகவும் ஒருங்கே அமைகிறது. முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்லாத பரதவர், சுறாக்கொம்பு நட்டு வழிபட்டு, உண்டு களித்துக் கடலாடியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலோ நகரத்தார் கடல்விளையாட்டை நாடிக் கரைக்கு வருகின்றனர். கோவலனும் மாதவியும் அவர்களுள் அடங்குவர். முன்னதில் கடலில் உழைப்போரே களிப்போர். பின்னதில் களிப்போர் கரைக்கு வந்து செல்வோர். இவ்வேறுபாடு சென்னைக் கடற்கரையின் வரலாற்றை அணுகுவதற்கும் துணைசெய்கிறது.

துறைமுகத்திற்கு முந்தைய கரை

துறைமுகம் அமைவதற்கு முன்னர்ச் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து விலகியே நங்கூரமிட்டன. பயணிகளும் சரக்குகளும் மசூலாப் படகுகளின் வழியே கரை சேர்ந்தனர். ஆணி அடிக்காமல், கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டப்பட்ட அப்படகுகள் அலைகளின் மோதலைத் தாங்கி நெகிழ்ந்துகொடுத்தன. நகருக்குப் புதிதாக வருவோர் முதலில் எதிர்கொண்டது கடலின் அழகை அன்று. அதன் அபாயத்தையும் அதைக் கடத்திவிட்ட படகோட்டிகளின் திறனையுமே ஆகும். ஐரோப்பிய மேல்தட்டினரின் மாலை உலாவும் கடலோரத்தோடு நின்றுவிடவில்லை. மவுண்ட் சாலையில் தேனாம்பேட்டை அருகே இருந்த காரன்வாலிஸ் நினைவு மண்டபம்வரை வண்டிகளில் சென்று வருவதும் அவர்களது வழக்கமாக இருந்தது.

மணல் தந்த வெளி

1875இல் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881இல் வீசிய புயல் கட்டுமானத்தைக் கடுமையாகச் சிதைத்தபோதிலும் பணி கைவிடப்படவில்லை. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகச் சுவர்கள் அந்நகர்வைத் தடுத்தமையால் தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது. வடக்கே மணல் வரத்துக் குறைந்து இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளைக் கடல் அரித்தது. தென்சென்னை பெற்ற பொழுதுபோக்கு வெளியும் வடசென்னை இழந்த நிலமும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகள் என்பது கருதத்தக்கது.

1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884இல் இக்கரையோரம் உலாச்சாலை அமைக்கும் பணியை மேற்கொண்டார். சிசிலித் தீவின் பலெர்மோ நகரக் கடற்கரையை நினைவுகூர்ந்து இதற்கு ‘மெரினா’ எனப் பெயரிட்டார். பெயரும் திட்டமும் மத்தியதரைக்கடல் நகரங்களின் உலா மரபைச் சார்ந்தவை. 1909இல் இங்கு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். அருகிலுள்ள குப்பத்தார் நாள்தோறும் வலையில் கண்ட கடலுயிர்கள் அங்கே கண்ணாடித் தொட்டிக்குள் காட்சிப்பொருள்களாயின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது.

திட்டத்தை மீறிய பயன்பாடு

உலாவுக்கென அமைந்த வெளியை மக்கள் அரசியல் அரங்காக்கினர். 1907இல் விபின் சந்திர பாலரின் சொற்பொழிவுகள் இக்கடற்கரையில் நிகழ்ந்தன. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் விழாக் கூட்டங்களை நடத்தினார். 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையும், 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் தமிழறிஞர், புலவர் சிலைகளும் நிறுவப்பட்டன. காலனிய உலாச்சாலை தமிழ் அடையாளத்தின் காட்சிவெளியாக மாறியது. வருவோர்க்குக் காற்று வாங்குதலோடு சிலைகளையும் நினைவிடங்களையும் காணுதல் ஒரு வழக்கமாயிற்று.

குப்பங்களும் அழகுபடுத்தலும்

இம்மாற்றங்களுக்கு இடையிலும் நடுக்குப்பம், அயோத்திக்குப்பம், நொச்சிக்குப்பம் ஆகியவற்றின் மீனவர்கள் இக்கரையில் தொழில் செய்துவந்தனர். கட்டுமரங்களை ஏற்றி நிறுத்தவும், வலைகளை உலர்த்திச் செப்பனிடவும் அகன்ற மணற்பரப்பு அவர்களுக்கும் பயன்பட்டது. 1985இல் கடற்கரையை அழகுபடுத்தும் நோக்கில் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. மீனவர்கள் எதிர்த்துப் போராடினர்; காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழப்பு நேர்ந்தது. ஒரே மணலில் உலாவுவோரின் பயன்பாடு ‘அழகு’ என்றும், உழைப்போரின் பயன்பாடு ‘இடையூறு’ என்றும் வகைப்படுத்தப்பட்டதே இம்மோதலின் அடிப்படை ஆகும்.

2023இல் நொச்சிக்குப்பம் இணைப்புச் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டபோது இவ்வினா மீண்டும் எழுந்தது. அம்முறை போக்குவரத்து நெரிசல் காரணமாகக் காட்டப்பட்டது. பின்னர் 2024இல் அங்கு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. விற்பனைக்கு இடம் கிடைத்தபோதிலும், கரையின் மீதான மரபுவழி உரிமை என்னும் வினாவிற்கு அங்காடிக் கட்டடம் முழு விடையாகாது.

முடிவுரை

மெரினாவின் அகன்ற கரை துறைமுகத்தால் விளைந்தது. உலாச்சாலை காலனிய அரசால் அமைக்கப்பட்டது. அதன் பொதுத்தன்மை மக்களின் பயன்பாட்டால் நிலைபெற்றது. வருவோரின் ஓய்வு மட்டுமே இக்கரையின் நோக்கம் எனக் கொள்வது, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாற்றின் ஒரு பகுதியை மட்டும் ஏற்பதாகும். பட்டினப்பாலை காட்டும் கரையில் தொழிலும் களிப்பும் ஒரே மக்களுக்கு உரியனவாக இருந்தன. கடற்கரை மேம்பாட்டுத் திட்டங்கள் நெய்தல் நில மக்களை அக்கரையின் உரியவர்களாகக் கொண்டு தொடங்கும்போதே, வருவோரின் மகிழ்ச்சி பிறரது இழப்பின்மேல் அமையாதிருக்கும்.